வெளியேறிய நோயாளி, தங்கிவிட்ட கிருமி: பெதஸ்டா மருத்துவமனை, 2011

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பெதஸ்டா என்ற ஊரில் தேசிய சுகாதார நிறுவனத்தின் மருத்துவ மையம் இருக்கிறது. 2011 ஜூனில் தொடங்கி அந்த ஆண்டின் இறுதிவரை அங்கே நீடித்த ஒரு தொற்றுப் பரவலின் பதிவு இது. 18 நோயாளிகளிடம் கிருமி கண்டறியப்பட்டது. அவர்களில் 11 பேர் இறந்தார்கள். 6 பேரின் இறப்புக்கு இந்தக் கிருமியே காரணம் என்றும், மற்றவர்கள் தங்களுக்கு ஏற்கெனவே இருந்த நோய்களால் இறந்தார்கள் என்றும் மருத்துவமனை கணித்தது.

இந்த விவரங்களை மருத்துவமனையின் ஆய்வாளர்களே 2012 ஆகஸ்டில் 'சயின்ஸ் டிரான்ஸ்லேஷனல் மெடிசின்' இதழில் வெளியிட்டார்கள். அதில் நோயாளிகள் எண்களாகவே குறிக்கப்பட்டார்கள், இங்கும் அப்படியே. கிருமி கண்டறியப்பட்ட வரிசைதான் அந்த எண். அது தொற்றிய வரிசையாக இருக்க வேண்டியதில்லை என்பது பின்னால் முக்கியமாகிறது.

மருத்துவமனைத் தொற்றுகளைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். இந்த நிகழ்வைத் தனியாக எடுத்துப் பேச எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரு நோயாளியின் உடலில் வாழ்வது ஒரே அச்சில் வார்த்த ஒற்றைக் கிருமி என்றுதான் நம் ஆய்வக அறிக்கைகள் பேசுகின்றன. உண்மையில் அங்கே இருப்பது ஒரு கூட்டம். தொண்டையில் இருப்பதும் தொடையிடுக்கில் இருப்பதும் நெருங்கிய உறவினர்களே தவிர ஒன்றல்ல. பெதஸ்டாவில் புதிரை அவிழ்த்தது அந்தச் சிறு வேறுபாடுதான்.

பின்னணி

இந்த மையம் சாதாரண மருத்துவமனை அன்று. இருநூறுக்கும் மேற்பட்ட படுக்கைகள் உண்டு. ஆனால் இங்கே சேர்க்கப்படும் எல்லோரும் ஏதோ ஓர் ஆய்வில் பங்கேற்பவர்கள். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை பெற்றவர்கள், அரிய நோய் எதிர்ப்புக் குறைபாடு உள்ளவர்கள், புற்றுநோய்க்குப் புதுச் சிகிச்சை தேடி வந்தவர்கள் என்று, கிருமியை எதிர்க்கும் வலு குன்றியவர்களே அதிகம்.

கிருமியின் பெயர் க்ளெப்சியெல்லா நிமோனியே. நலமாக இருப்பவரின் குடலில் இது தொல்லை இல்லாமல் வாழும். வென்டிலேட்டர் குழாயோ ரத்தநாளக் குழாயோ செருகப்பட்ட, எதிர்ப்புச் சக்தி இழந்த நோயாளியிடம் சென்றால் நிமோனியாவாகவும் ரத்தத் தொற்றாகவும் மாறும். பெதஸ்டாவில் பரவிய வகை, கார்பபெனெம் மருந்துகளைச் சிதைக்கும் கே.பி.சி. என்ற நொதியைச் சுரப்பது. மற்ற ஆன்டிபயாடிக்குகள் தோற்றபின் மருத்துவர்கள் கையில் எடுக்கும் இமிபெனெம், மெரோபெனெம் போன்றவைதான் கார்பபெனெம்கள். அவையும் செயலிழந்தால் மிச்சம் இருப்பவை ஒரு கைப்பிடிதான். இந்தக் கிருமிக்கு எதிராகத் தொடக்கத்தில் வேலை செய்தவை ஜென்டாமைசின், டைகிசைக்ளின், கொலிஸ்டின் ஆகிய மூன்று.

கே.பி.சி. நொதி முதன்முதலில், 1996-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் சேகரிக்கப்பட்ட ஒரு க்ளெப்சியெல்லாவில் அடையாளம் காணப்பட்டது. அறிவியல் இதழில் வெளியானது 2001-இல். அதன் மரபணு கிருமியின் குரோமோசோமில் நிலையாக உட்கார்ந்திருப்பதில்லை. இடம்விட்டு இடம் தாவும் ஒரு துண்டுக்குள் அது இருக்கிறது. அந்தத் துண்டு பிளாஸ்மிட் எனப்படும் வளைய டி.என்.ஏ.வில் இருக்கிறது, பிளாஸ்மிடோ ஒரு கிருமியிலிருந்து வேறொரு கிருமிக்குப் போகக்கூடியது. இப்படி ஒன்றுக்குள் ஒன்றாக இருந்து நகரும் இந்த மரபணுவுடன் எஸ்.டி.258 என்ற க்ளெப்சியெல்லாக் குடிவழி சேர்ந்துகொண்டது. பத்தே ஆண்டுகளில் அது நியூயார்க் மருத்துவமனைகளில் நிலைகொண்டது. 2006–07-இல் இஸ்ரேலில் நாடு தழுவிய பரவலை உண்டாக்கியது.

ஜூன், ஜூலை: முதல் நோயாளி

2011 ஜூன் 13 அன்று நியூயார்க் நகர மருத்துவமனை ஒன்றிலிருந்து ஒரு பெண் நோயாளி பெதஸ்டாவுக்கு மாற்றப்பட்டார். நுரையீரல் மாற்று சிகிச்சைக்குப் பின் சிக்கல்களால் அவதிப்பட்டவர். மருந்துகளுக்கு அடங்காத க்ளெப்சியெல்லா அவரிடம் இருப்பது வரும்போதே தெரிந்திருந்தது. ஆகவே இது எதிர்பாராமல் நுழைந்த கிருமி என்று சொல்ல முடியாது. மருத்துவமனை முன்கூட்டியே தயாரானது.

அவருக்குக் கூடுதல் கட்டுப்பாட்டுடன் தனிமை அறை ஒதுக்கப்பட்டது. உள்ளே போகிற ஒவ்வொருவரும் மேலங்கியும் கையுறையும் அணிந்தார்கள். அவருக்குப் பயன்படுத்தும் கருவிகள் வேறு எவருக்கும் போகாமல் பார்த்துக்கொண்டார்கள். அவர் ஐ.சி.யூ.வில் இருந்தது குறுகிய காலம்தான். அங்கிருந்த மற்ற நோயாளிகளின் தொண்டையிலும் தொடையிடுக்கிலும் ஸ்வாப் எடுத்து, கிருமி வளர்கிறதா என்று கல்ச்சர் செய்து பார்த்தார்கள். எவரிடமும் கிருமி தென்படவில்லை. ஜூலை 15 அன்று அவர் வெளியேறினார். மருத்துவமனையின் பதிவேட்டைப் பொறுத்தவரை விஷயம் முடிந்துவிட்டது.

இதுவரை எடுத்த முடிவுகளில் எதையும் கவனக்குறைவு என்று சொல்ல நான் தயாராக இல்லை. அன்றைய வழிகாட்டுதல்கள் கேட்டதைவிட அதிகமாகவே செய்தார்கள். ஆனால் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்: க்ளெப்சியெல்லாவின் இயல்பான வீடு குடல், ஸ்வாப் எடுத்ததோ தொண்டையிலும் தொடையிடுக்கிலும்.

ஆகஸ்ட்: இரண்டாவது நோயாளி

ஆகஸ்ட் 5 அன்று வேறொரு நோயாளியின் மூச்சுக்குழாய்ச் சளியில் அதே வகைக் கிருமி வளர்ந்தது. முதல் நோயாளி வெளியேறி மூன்று வாரம் ஆகியிருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் ஒரே வார்டில் இருந்ததில்லை. பத்து நாளில் மூன்றாவது நோயாளி, அடுத்து நான்காவது. அதன்பின் ஆண்டு இறுதிவரை ஏறக்குறைய வாரத்துக்கு ஒருவர் என்ற கணக்கில் பட்டியல் நீண்டது.

இரண்டாவது நோயாளியைக் கண்டதும் எழுந்த கேள்வி எளியது. ஆனால் விடையைப் பொறுத்துச் செய்ய வேண்டிய வேலை முற்றிலும் மாறும். இந்தக் கிருமி முதல் நோயாளியிடமிருந்து வந்ததா, அல்லது வெளியிலிருந்து தனியாக வந்ததா?

தனியாக வந்தது என்றால், புதிதாகச் சேரும் ஒவ்வொருவரையும் வாசலிலேயே பரிசோதிக்க வேண்டும். முதல் நோயாளியிடமிருந்து வந்தது என்றால், மூன்று வாரமாகக் கிருமி மருத்துவமனைக்குள்ளேயே எங்கோ மறைந்திருந்திருக்கிறது: கண்டறியப்படாத ஒரு நோயாளியின் குடலிலோ, ஒரு கருவியிலோ, பணியாளர் எவருடைய கையிலோ. அப்படியானால் தேடல் உள்நோக்கித் திரும்ப வேண்டும்.

வழக்கமான சோதனைகள் ஏன் போதவில்லை

அன்று மருத்துவமனை ஆய்வகங்களில் கிருமிகளின் உறவை அறியப் பயன்பட்ட முறை, டி.என்.ஏ.வை நொதிகளால் வெட்டி, துண்டுகளைக் கூழ்மத்தில் ஓடவிட்டு, கோடுகளின் அமைப்பை ஒப்பிடுவது. முழுத் தொகுதியையும் ஒருசில பட்டைகளாகச் சுருக்கிப் பார்க்கும் முறை அது. வெவ்வேறு குடிவழிக் கிருமிகளைப் பிரித்தறிய அது போதும்.

பெதஸ்டாக் கிருமியும் சேர்ந்திருந்த எஸ்.டி.258-இல்தான் அது கைகொடுக்கவில்லை. அமெரிக்காவில் அன்று கண்டறியப்பட்ட கே.பி.சி. க்ளெப்சியெல்லாக்களில் பெரும்பகுதி இந்த ஒரே குடிவழியைச் சேர்ந்தது. அண்மையில் தோன்றி வேகமாகப் பரவியதால் அதன் கிளைகளுக்குள் பெரிய வேறுபாடு எதுவும் உண்டாகியிருக்கவில்லை. நியூயார்க்கிலிருந்து வந்ததும் வேறு மாநிலத்திலிருந்து வந்ததும் கூழ்மத்தில் ஒரே கோடுகளைக் காட்டக்கூடும். 'ஒன்றுபோல் இருக்கிறது' என்ற விடை இங்கே எதையும் நிரூபிக்காது.

ஆகவே கிருமிகளின் மரபணுத்தொகுதி முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படிப்பது என்று முடிவெடுத்தார்கள். அதே வளாகத்தில் மரபணுத்தொகுதி ஆய்வு நிறுவனம் இருந்தது இதற்கு உதவியது. அங்கே ஜூலி செக்ரெ, எவன் ஸ்னிட்கின் ஆகியோர். மருத்துவமனைப் பக்கம் தொற்றுக் கட்டுப்பாட்டைக் கவனித்த தாரா பால்மோர். மரபணு ஆய்வாளர்களும் மருத்துவமனைத் தொற்றியலாளர்களும் பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்களில் இருந்தாலும் இப்படிப்பட்ட வேலையில் கைகோத்தது அன்று அரிது.

எழுத்துப்பிழைகளைப் படித்தல்

இந்தக் கிருமியின் மரபணுத்தொகுதி ஐம்பது லட்சத்துக்கும் அதிகமான எழுத்துகள், அதாவது டி.என்.ஏ.வின் அடிப்படை அலகுகள், கொண்டது. ஒவ்வொரு முறை செல் பிளவுபடும்போதும் அத்தனையும் நகலெடுக்கப்படுகின்றன. பிழை மிக அரிது. ஆனால் நேராமல் இல்லை. எஸ்.டி.258-ஐப் பொறுத்தவரை ஒரு கால்வழியில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து எழுத்துகள் மாறி நிலைக்கின்றன என்பது பிற்கால ஆய்வுகள் தரும் தோராயக் கணக்கு. ஆறு மாதப் பரவலில் ஒரு கால்வழியில் இரண்டு மூன்று மாற்றங்களையே எதிர்பார்க்கலாம். இந்த இரண்டு மூன்றுதான் கையில் இருந்த சான்று.

ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்கள் செய்த வேலைதான் இது. ஒரே பிழை இரண்டு சுவடிகளில் இருந்தால், அந்தப் பிழை உள்ள ஒரு மூல ஏட்டிலிருந்து இரண்டும் பெயர்த்தெழுதப்பட்டவை என்று கொள்வார்கள். பிழை கூடக்கூட எந்த ஏடு எதற்குப் பின்னது என்பதும் தெரியும். கிருமியில் அந்தப் பாடபேதம் ஒற்றை எழுத்து மாற்றமாக வருகிறது.

முதல் விடை விரைவாகவே தெளிவானது. இரண்டாவது நோயாளியின் கிருமியும் முதல் நோயாளியின் கிருமியும் ஐம்பது லட்சம் எழுத்துகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில் மட்டுமே வேறுபட்டன. தனித்தனியாக வெளியிலிருந்து வந்திருந்தால் இவ்வளவு நெருக்கம் இருக்க வாய்ப்பில்லை. 18 பேரின் கிருமிகளையும் சேர்த்தே வேறுபட்ட இடங்கள் சில பத்துதான். எல்லாம் ஒரே நுழைவிலிருந்து கிளைத்தவை. மூன்று வார இடைவெளியில் கிருமி மருத்துவமனையை விட்டுப் போகவே இல்லை.

அடுத்தபடியில் குழு எடுத்த முடிவைத்தான் இந்த ஆய்வின் உயிர்நாடியாக நான் பார்க்கிறேன். முதல் நோயாளியிடமிருந்து ஒரே ஒரு மாதிரியோடு நிறுத்தவில்லை. சிறுநீர், நுரையீரல், தொடையிடுக்கு, தொண்டை என்று பல இடங்களில் எடுத்த கிருமிகளைத் தனித்தனியாகப் படித்தார்கள். அவை ஒன்றுக்கொன்று சில எழுத்துகளில் வேறுபட்டன. பெதஸ்டாவுக்கு வருமுன்பே இந்தக் கிருமி அவர் உடலில் குடியிருந்து, வெவ்வேறு உறுப்புகளில் தனித்தனியே பெருகி, தனித்தனிப் பிழைகளைச் சேர்த்திருந்தது. உடலுக்குள்ளேயே ஒரு சிறு குடும்பமரம் கிளைவிட்டிருந்தது.

அந்த மரத்தோடு மற்ற நோயாளிகளின் கிருமிகளை ஒப்பிட்டபோது அவை ஒரே கிளையில் தொங்கவில்லை. ஒரு கூட்டத்தாரின் கிருமி முதல் நோயாளியின் நுரையீரல், தொடையிடுக்குக் கிருமிகளோடு ஒத்துப்போனது. இன்னொரு கூட்டத்தாரின் கிருமி தொண்டைக் கிருமியோடு ஒத்துப்போனது. இவை தவிர தனியாக மூன்றாவது ஒரு வழியும் தெரிந்தது. முதல் நோயாளியிடமிருந்து கிருமி மூன்று தடவை, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல், வெளியே கடந்திருக்கிறது. அவ்வளவு கட்டுப்பாடுகளுக்கு நடுவே ஒரு தடவை கசிந்தது என்றால் விபத்து என்று சொல்லிவிடலாம்; மூன்று தடவை என்றால் கட்டுப்பாட்டிலேயே ஓட்டை இருக்கிறது. ஒரே மாதிரியை மட்டும் படித்திருந்தால் இந்த முடிவுக்கு வந்திருக்கவே முடியாது. கிளைகள் எல்லாம் முதல் நோயாளிக்குப் பின்னால் பிரிந்தவையாகத் தோன்றியிருக்கும்.

மரமும் வார்டுப் பதிவேடும்

குடும்பமரம் கிருமிகளின் உறவைச் சொல்லும். யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதை அது மட்டும் சொல்லாது. இரண்டு நோயாளிகளின் கிருமிகள் எழுத்து மாறாமல் ஒன்றாகவே இருந்தால், போன திசையை மரத்திலிருந்து அறிய முடியாது. இடையில் ஆய்வுக்கே வராத மூன்றாம் ஆள் ஒருவர் இருந்திருக்கவும் கூடும்.

ஆகவே எந்த நோயாளி எந்த நாளில் எந்த வார்டில் இருந்தார், எப்போது ஸ்வாப் எடுத்தார்கள், எப்போது முதலில் கிருமி வளர்ந்தது என்ற பதிவுகளை மரபணு வேறுபாடுகளோடு சேர்த்துக் கணக்கிட்டார்கள். எழுத்து வேறுபாடு குறைவாகவும் தங்கிய இடமும் காலமும் பொருந்துவதாகவும் உள்ள பாதைகளுக்கு முன்னுரிமை கொடுத்து, நடந்திருக்க அதிக வாய்ப்புள்ள ஒரு பரவல் வரைபடத்தை வரைந்தார்கள்.

அதிலிருந்து இரண்டு விஷயங்கள் புலப்பட்டன. ஒன்று, கண்டறியப்பட்ட வரிசை வேறு, தொற்றிய வரிசை வேறு. சிலர் வாரக்கணக்கில் எந்த அறிகுறியும் இல்லாமல் கிருமியைச் சுமந்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் பிறருக்கும் கடத்தியிருக்கிறார்கள். மூன்று வார மௌனத்துக்கு இதுதான் விளக்கம். அந்த நாட்களில் கிருமி குடல்களில் இருந்தது. ஆய்வக அறிக்கைகளில்தான் இல்லை.

இன்னொன்று, ஒரே இடத்தில் ஒன்றாக இருந்ததே இல்லாதவர்களுக்கு இடையிலும் நெருக்கமான தொடர்பு தெரிந்தது. மரபணு சுட்டிய இந்தத் தொடர்புகளைப் பிடித்துக்கொண்டு பதிவேடுகளை மறுபடி புரட்டினார்கள். கருவிகள், சுற்றுப்புறம் ஆகியவற்றின் வழியாகப் பரவியிருக்கக்கூடிய சாத்தியங்கள் அப்போதுதான் கண்ணில் பட்டன. விதிமுறைப்படி கிருமிநீக்கம் செய்யப்பட்ட ஒரு வென்டிலேட்டரில் கிருமி வளர்ந்தது. கைகழுவும் தொட்டிகளின் வடிகுழாய்களிலும் வளர்ந்தது. துடைத்துவிட்டோம் என்று பதிவேட்டில் போட்ட கையொப்பத்தை இந்தக் கிருமி மதிக்கவில்லை.

கொலிஸ்டின்: கண்ணெதிரே நடந்த பரிணாமம்

கொலிஸ்டின் பழைய மருந்து. சிறுநீரகத்தைப் பாதிப்பதால் 1970-களில் ஒதுக்கிவைக்கப்பட்டு, வேறு வழி இல்லாததால் மறுபடி அலமாரியிலிருந்து எடுக்கப்பட்டது. நேர்மின்னூட்டம் கொண்ட அந்த மூலக்கூறு, எதிர்மின்னூட்டம் கொண்ட கிருமியின் வெளிச்சவ்வில் ஒட்டி அதைக் குலைக்கிறது. பெதஸ்டாவில் கொலிஸ்டின் கொடுக்கப்பட்டபோது சிலரிடம் கிருமி அதையும் எதிர்க்கத் தொடங்கியது.

இதற்கு வெளியிலிருந்து புது மரபணு எதையும் பெற வேண்டியதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். க்ளெப்சியெல்லாவில் எம்.ஜி.ஆர்.பி. என்ற மிகச் சிறிய மரபணு ஒரு கடிவாளம்போல் செயல்படுகிறது என்பது 2013-க்குப் பிறகு தெளிவானது. அது சிதைந்தால் கட்டுப்பாடு அவிழ்ந்து, கிருமி தன் வெளிச்சவ்வின் மின்னூட்டத்தை மாற்றிக்கொள்கிறது, மருந்து ஒட்டுவதில்லை. தாவும் துண்டு ஒன்று நடுவில் புகுந்தாலே அந்த மரபணு கெட்டுவிடும். கோடிக்கணக்கான கிருமிகள் உள்ள ஒரு நோயாளியின் உடலில் இப்படி ஒன்று நேர்வது வியப்பில்லை. அந்த ஒன்றை மட்டும் பெருகவிட்டு மற்றவற்றை ஒழிப்பதுதான் மருந்து செய்கிற வேலை.

முன்பத்திகளில் பரவலைத் தடம்பிடிக்க உதவிய எழுத்து மாற்றங்கள் பெரும்பாலும் கிருமிக்கு நன்மையோ தீமையோ செய்யாதவை, வெறும் காலக்குறிகள். கொலிஸ்டின் எதிர்ப்பைத் தந்தவை வேறு ரகம். வெவ்வேறு நோயாளிகளிடம் தனித்தனியே தோன்றி ஒரே விளைவைத் தரக்கூடியவை. இவற்றை உறவுக்குச் சான்றாக எடுத்தால் குடும்பமரம் பிழையாகிவிடும். 'இவர் கிருமியும் கொலிஸ்டினை எதிர்க்கிறது, அவர் கிருமியும் எதிர்க்கிறது, ஆகவே இவரிடமிருந்து அவருக்குப் போயிருக்கிறது' என்ற முடிவை வார்டுகளில் அடிக்கடி கேட்கிறோம். மருந்து எதிர்ப்புப் பட்டியலை மட்டும் வைத்துப் பரவலைத் தீர்மானிப்பது எவ்வளவு ஆபத்து என்பதை இதிலிருந்து மாணவர்களுக்குக் காட்டலாம்.

எடுத்த நடவடிக்கைகள்

பரவல் உள்ளேயே நடக்கிறது என்பது உறுதியானபின் நடவடிக்கைகள் அடுத்தடுத்து இறுகின. கிருமி உள்ள ஐ.சி.யூ. நோயாளிகளைப் பிரித்துவைக்கப் புதிதாக ஒரு சுவரே எழுப்பினார்கள். அவர்களைக் கவனிக்கும் செவிலியரும் கருவிகளும் மற்றப் பக்கம் போகாதபடி ஒதுக்கப்பட்டார்கள். அறைக்குள் நுழைபவர் கைகழுவுகிறாரா, மேலங்கியும் கையுறையும் அணிகிறாரா என்று பார்ப்பதற்கென்றே இரவு பகலாக ஆட்களை நிறுத்தினார்கள். காலியான அறைகளில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவியைச் செலுத்தினார்கள். கிருமி தென்பட்ட வடிகுழாய்களைக் கழற்றி மாற்றினார்கள்.

கண்காணிப்பும் மாறியது. தொண்டை, தொடையிடுக்கு ஸ்வாப்களோடு நிற்காமல் மலவாய்ப் பகுதியிலிருந்தும் மாதிரி எடுத்தார்கள். ஐ.சி.யூ.வைத் தாண்டி மருத்துவமனை முழுவதற்கும் அதை விரிவுபடுத்தினார்கள். அறிகுறி இல்லாமல் கிருமியைச் சுமந்தவர்கள் இப்படித்தான் வெளிப்பட்டார்கள். ஐ.சி.யூ.வுக்கு வெளியேயும் சிலர் இருந்தார்கள்.

இவற்றில் எது பரவலை நிறுத்தியது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. எல்லாவற்றையும் ஒருசேரச் செய்தார்கள். நோயாளிகள் இறந்துகொண்டிருக்கும்போது ஒவ்வொன்றாகச் செய்து பார்க்க எவராலும் முடியாது. என் மதிப்பீட்டில் மலவாய் ஸ்வாப்பே முதலிடம் பெற வேண்டும். சுவரும் தனிச் செவிலியரும், யாரைப் பிரிக்க வேண்டும் என்று தெரிந்தபின்தான் பயன்படுவார்கள்.

விளைவு

ஆண்டு இறுதியோடு புதிய நோயாளிகள் வருவது நின்றது. மரபணு ஆய்வு நேரடியாக எவருடைய உயிரையும் மீட்டுக்கொடுத்தது என்று சொல்ல முடியாது. நெருக்கடியின் நடுவில் மருத்துவமனைக்கு அது கொடுத்தது உறுதி: வெளியே தேடுவதை விட்டுவிட்டு உள்ளே தேடலாம்.

2012 கோடையில், பல மாத இடைவெளிக்குப் பிறகு, அதே கிருமி இன்னொரு நோயாளியிடம் கண்டறியப்பட்டது. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் பின் சிக்கலோடு வந்திருந்த சிறுவன் அவன். செப்டம்பரில் இறந்தான். இந்தக் கிருமியால் நேர்ந்த ஏழாவது இறப்பு அது. பரவல் முடிந்துவிட்டது என்ற சொல்லை எவ்வளவு எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டும் என்பதற்கு அந்தச் சிறுவனின் இறப்பே போதும்.

ஆய்வுக்கட்டுரை வெளியான 2012 ஆகஸ்டில்தான் பரவலைப் பற்றிப் பொதுமக்கள் அறிந்தார்கள். ஓராண்டாக ஏன் சொல்லவில்லை என்று கடும் விமர்சனம் எழுந்தது. அந்த விமர்சனம் நியாயமானது என்றே நினைக்கிறேன். அதே சமயம், தங்கள் சொந்தக் கட்டடத்தில் நேர்ந்த 11 இறப்புகளை, தங்கள் கட்டுப்பாடு மூன்று தடவை தோற்றதை, வரைபடத்தோடு உலகுக்கு முன்வைத்த மருத்துவமனைகள் எத்தனை?

பின்னர் தெரிந்தவை

இதன்பின் வந்த ஆய்வுகள் இரண்டு திசையில் போயின.

முதலாவது, எஸ்.டி.258 எங்கிருந்து வந்தது என்பது. ஒரு குடிவழி ஓர் எழுத்தாக மாறி மாறித்தான் உருவாகும் என்ற எண்ணத்தை 2014-இல் வெளியான ஆய்வுகள் அசைத்தன. எஸ்.டி.11 வகையைச் சேர்ந்த ஒரு க்ளெப்சியெல்லாவின் குரோமோசோமில், எஸ்.டி.442 வகையிலிருந்து ஏறத்தாழ 11 லட்சம் எழுத்துகள் கொண்ட பெரும் பகுதி ஒன்று வந்து பொருந்தியதில் பிறந்த கலப்புதான் எஸ்.டி.258. குரோமோசோமில் ஐந்தில் ஒரு பங்கு, இன்னொரு கிருமியினுடையது. அதன்பின் மேலுறையைத் தீர்மானிக்கும் பகுதியில் மீண்டும் ஒரு பெரிய மாற்று நடந்து, குடிவழி இரண்டு கிளைகளாகப் பிரிந்தது. மேலுறைதான் நம் எதிர்ப்புச் சக்தி முதலில் அடையாளம் காணும் பகுதி என்பதால் இது சிறிய விஷயம் அல்ல. ஒரே கிருமியில் இரண்டு வேகங்கள்: ஆண்டுக்கு ஐந்து எழுத்து என்று மெல்ல நகரும் ஒன்று, ஒரே நிகழ்வில் லட்சக்கணக்கான எழுத்துகளை மாற்றிவிடும் இன்னொன்று. தடம்பிடிப்பவர்கள் முதலாவதை எண்ணும்போது இரண்டாவதைக் கண்டுபிடித்து விலக்கிவைக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே மாற்றை நூற்றுக்கணக்கான தனித்தனி மாற்றங்களாகக் கணக்கிட்டு, நேற்றுப் பிரிந்த உறவினர்களைப் பல்லாண்டு விலகியவர்கள் என்று முடிவுகட்டிவிடுவோம்.

இரண்டாவது, பிளாஸ்மிட். 2011-இல் பயன்பட்ட முறை டி.என்.ஏ.வைச் சிறுசிறு துண்டுகளாகப் படித்தது. திரும்பத் திரும்ப வரும் பகுதிகள் நிறைந்த பிளாஸ்மிட்களை அந்தத் துண்டுகளிலிருந்து முழுமையாகக் கோக்க முடிவதில்லை. நீண்ட இழைகளை ஒரே மூச்சில் படிக்கும் முறை வந்தபின், அதே மருத்துவமனையின் குழு 2014-இல் கிருமிகளின் பிளாஸ்மிட்களை முழுமையாகப் படித்து வெளியிட்டது. கார்பபெனெம் எதிர்ப்பு மரபணு பல்வேறு பிளாஸ்மிட்களில், வேறுவேறு இனக் கிருமிகளில் இருப்பது அதில் தெரிந்தது. க்ளெப்சியெல்லாவை மட்டும் தேடினால், எதிர்ப்பு மரபணு வேறொரு கிருமியில் ஏறிப் போய்விட்டிருக்கும்.

2018-இல் அதே குழு குழாய்களைத் தேடியது. நோயாளிகளுக்கு அருகிலுள்ள இடங்களில் இந்தக் கிருமிகள் அரிதாகவே கிடைத்தன. ஆனால் ஐ.சி.யூ.வின் கழிவுநீர்க் குழாய்களிலும் வெளியே உள்ள ஆள்நுழைகுழிகளிலும் எடுத்த ஒவ்வொரு மாதிரியிலும் கார்பபெனெமைச் சிதைக்கும் கிருமிகள் இருந்தன. நோயாளியிடம் கொடுக்கும் மருந்தும், அவரிடமிருந்து வெளியேறும் கிருமியும், துடைக்கப் பயன்படும் வேதிப்பொருளும் ஒன்றாகச் சேரும் இடம் அது. பிளாஸ்மிட்கள் கைமாறுவதற்கு இதைவிட வசதியான இடத்தைக் கற்பனை செய்வது கடினம்.

மாற்ற வேண்டியவை

இந்த நிகழ்வை இன்று மறுபடி எதிர்கொண்டால் எதை வேறு விதமாகச் செய்வது என்ற கேள்விக்கு என் விடைகள் இவை.

கிருமி உள்ளவர் என்று தெரிந்த ஒருவர் வந்திருக்கும்போதும், அவர் போனபின் சில வாரங்களுக்கும், அவரோடு இருந்த எல்லோரிடமும் மலவாய் ஸ்வாப் எடுக்க வேண்டும். வெளியேறும் நாளோடு கண்காணிப்பை முடிப்பதற்கு இந்த நிகழ்வுக்குப் பிறகு எந்தக் காரணமும் சொல்ல முடியாது.

முதல் நோயாளியிடமிருந்து பல இடங்களில், ஒவ்வொரு இடத்திலும் ஒன்றுக்கு மேற்பட்ட காலனிகளை (தட்டில் ஒரே கிருமியிலிருந்து பெருகிய திட்டுகளை) எடுத்துச் சேமிக்க வேண்டும். படிப்பதா வேண்டாமா என்பதைப் பிறகு முடிவு செய்யலாம். பெரும்பாலான ஆய்வகங்கள் தட்டில் வளர்ந்ததில் ஒரு காலனியைத் தொட்டு எடுத்துவிட்டு மீதியைக் குப்பையில் போடுகின்றன. உறைபதனப் பெட்டியில் ஒரு சிறு குழாய்க்கு இடம் ஒதுக்குவது பெரிய செலவில்லை.

பரவலை ஆராய்பவர்கள் கிருமியின் குரோமோசோமையும் பிளாஸ்மிடையும் தனித்தனிக் கேள்விகளாக நடத்த வேண்டும். கிருமி பரவுகிறதா என்பது ஒன்று. எதிர்ப்பு மரபணு பரவுகிறதா என்பது இன்னொன்று. இந்தியச் சூழலில் இரண்டாவது கேள்விக்கு அவசரம் கூடுதல். இங்கே கார்பபெனெம் எதிர்ப்புக்குப் பெரும்பாலும் காரணம் கே.பி.சி. அல்ல, என்.டி.எம்., ஆக்ஸா-48 குடும்ப நொதிகள். இவற்றின் மரபணுக்களும் பிளாஸ்மிட்களில்தான் பயணிக்கின்றன. பெதஸ்டாவில் ஒரே ஒரு நுழைவு இருந்ததால்தான் படம் அவ்வளவு தெளிவாகக் கிடைத்தது. சேரும்போதே பலர் கிருமியோடு வரும் ஐ.சி.யூ.வில் குடும்பமரம் ஒன்றாக இராது. பல மரங்கள் பின்னிக்கிடக்கும். அங்கே சேர்க்கையின்போது எடுத்த ஸ்வாப் இல்லாமல் எந்த மரபணு ஆய்வாலும் உள்ளே பரவியதையும் வெளியிலிருந்து வந்ததையும் பிரிக்க முடியாது.

வார்டுப் பதிவேடு நாளும் மணியும் படுக்கை எண்ணும் சேர்த்து எழுதப்பட வேண்டும். எந்த வென்டிலேட்டர் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதும் அதில் இருக்க வேண்டும். பெதஸ்டாவில் மரபணு சுட்டிய தொடர்புகளுக்கு விளக்கம் கிடைத்தது, தேடிப் பார்க்க அப்படியொரு பதிவு இருந்ததால்தான்.

கடைசியாக ஒன்று: பரவல் உறுதியான நாளிலேயே, அங்கே படுத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் அதைச் சொல்லிவிட வேண்டும். ஆய்வு முடியும்வரை, கட்டுரை அச்சாகும்வரை, அது காத்திருக்கக் கூடாது.